அந்த ஊர் ஆண்கள் எங்கே போயிருந்தார்கள்?



இது நீளமான பதிவு. அடுப்பு வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். கண்புரை ஆபரேஷன் ஆனபிறகு போனில் ஒற்றை விரலால் தட்டுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் கீழே குறிப்பிடுங்கள். உங்கள் நோட்டில் நான் சிவப்பு மையால் கிறுக்கியதற்கெல்லாம் பழிவாங்க இதுதான் நல்ல சந்தர்ப்பம்.

1990களின் நடுவில் நடந்தது. ஏழாம் வகுப்பு. சமூக அறிவியலில் சுற்றுச்சூழல் பாடம். அதில் சிப்கோ இயக்கம் பற்றி ஒரே ஒரு பத்தி. சிப்கோ என்றால் ஒட்டிக்கொள், கட்டிப்பிடித்துக்கொள் என்று அர்த்தம். இமயமலையில் பெண்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றினார்கள். தலைவர் சுந்தர்லால் பகுகுணா. இவ்வளவுதான். இரண்டு மார்க் கேள்வி. கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, எல்லோரும் எழுதியாச்சா என்று கேட்டேன்.

மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அன்னிக்கு அந்த ஊரு ஆம்பளைங்க எல்லாம் எங்க போயிருந்தாங்க?" என்று கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அந்த வயதில் மனசு வரவில்லை. "எங்கயாச்சும் வேலைக்குப் போயிருப்பாங்க, உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய அம்மா மலைக்கு விறகுக்குப் போகிறவர். நம் ஊர்ப் பெண்கள் இருட்டோடு எழுந்து மலையேறி, உச்சிவெயிலில் தலைச்சுமையோடு இறங்குவார்கள். கார்டு கையில் மாட்டினால் அரிவாளும் கயிறும் போகும். கெஞ்சிக் கேட்டால் சுமை மட்டும் போகும். பொம்பளைகள் தனியாக நின்று மல்லுக்கட்டும்போது ஆண்கள் எங்கே என்று அந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பத்தியை அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் அப்படியேதான் நடத்தினேன்.

2022 அக்டோபரில் எங்கள் ஓய்வுபெற்றோர் குழு பத்ரிநாத் யாத்திரை போனது உங்களில் பலருக்குத் தெரியும், போட்டோ எல்லாம் போட்டேனே. வழியில் ஜோஷிமட்டில் ஒரு ராத்திரி தங்கினோம். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுதான் என்று நம்மவர்கள் சொல்லும் தலம். நரசிம்மர் கோயில் பார்த்தோம், குளிரில் நடுங்கினோம், ரொட்டி தின்று அலுத்துப்போய் ரசம் சாதத்துக்கு ஏங்கினோம். மறுநாள் காலை வண்டி கிளம்பும்போது, கீழே விஷ்ணுபிரயாகையில் இரண்டு ஆறுகள் கூடுவதை டிரைவர் காட்டினார். ஒன்று பத்ரிநாத்தில் இருந்து வரும் அலக்நந்தா. இன்னொன்று தவுளிகங்கை. அந்தத் தவுளிகங்கையை ஒட்டி இருபது சொச்சம் கிலோமீட்டர் மேலே போயிருந்தால் நான் இத்தனை வருஷம் பாடம் நடத்திய ஊர். அது அப்போது எனக்குத் தெரியவே தெரியாது. பெயர்கூடத் தெரியாது. பாடத்தில் "இமயமலையில்" என்றுதானே இருந்தது!

மூன்று மாதத்தில், 2023 ஜனவரியில், ஜோஷிமட் நகரமே மண்ணுக்குள் இறங்குகிறது, வீடுகள் வெடிக்கின்றன என்று டிவியில் காட்டினார்கள். நாங்கள் தங்கிய ஊராயிற்றே என்று பதறிப்போய்ச் செய்திகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்த இன்னொரு ஊர் வந்து சேர்ந்தது. அதன் பெயர் ரேணி.

மேப் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உத்தராகண்ட் மாநிலம், சமோலி மாவட்டம். ஜோஷிமட்டில் இருந்து வடகிழக்கே திபெத் எல்லையை நோக்கிப் போவது நீதிப் பள்ளத்தாக்கு. (நம்ம நீதி இல்லை. நீதி என்பது அங்கே ஒரு ஊரின் பெயர், கணவாயின் பெயர்.) பள்ளத்தாக்கின் நடுவே தவுளிகங்கை. நந்தாதேவி சிகரத்தின் பனியில் பிறந்து, ஆள் நுழைய முடியாத மலையிடுக்கு வழியாக இறங்கிவரும் ரிஷிகங்கை அதில் வந்து சேரும் இடத்தில், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர் ரேணி. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். நம் கொடைக்கானல் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். ஆனால் கொடைக்கானலில் நிமிர்ந்து பார்த்தால் வானம்; அங்கே நிமிர்ந்து பார்த்தால் இன்னும் ஐயாயிரம் மீட்டருக்கு மலை. நந்தாதேவியின் உயரம் 7,816 மீட்டர். ஊரில் ஐம்பது அறுபது குடும்பங்கள். படிப்படியாய்ச் சின்னச் சின்ன வயல்கள், கற்கூரை வீடுகள், மேலே தேவதாருக் காடு.

இந்தப் பள்ளத்தாக்கு மக்களைப் பொதுவாக போட்டியர் என்பார்கள். அவர்களுக்குள் தோல்ச்சா, மார்ச்சா என்று பிரிவுகள். விவசாயம் உண்டு என்றாலும், அவர்களின் நிஜமான பிழைப்பு வியாபாரம். கோடையில் கணவாய்கள் திறந்ததும் தானியம், வெல்லம், துணி ஏற்றிக்கொண்டு திபெத்துக்குப் போவார்கள். திரும்பும்போது உப்பு, கம்பளி, வெண்காரம். சுமை தூக்கியது யார் தெரியுமா? ஆடுகள். செம்மறியும் வெள்ளாடும். ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் இருபக்கமும் தொங்கும் சின்னப் பை. நூற்றுக்கணக்கான ஆடுகள் வரிசையாக 5,000 மீட்டருக்கும் மேலான கணவாயைக் கடந்து உப்பு கொண்டுவருவதை நினைத்துப் பாருங்கள். சங்க காலத்து உமணர்கள் மாட்டு வண்டியில் உப்பு விற்றதைத் தமிழ் ஐயா உங்களுக்கு நடத்தியிருப்பார். இவர்கள் இமயமலை உமணர்கள்.

1962ல் சீனாவோடு யுத்தம். எல்லை மூடியது. எத்தனையோ தலைமுறையாக நடந்த வியாபாரம் ஒரே பருவத்தில் நின்றது. யுத்தத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கில் ராணுவம் வந்தது, ரோடு வந்தது. ராணுவத்துக்காக ஊர்க்காரர்களின் நிலங்கள் எடுக்கப்பட்டன. நஷ்டஈடு தருகிறோம் என்றார்கள். இந்த நஷ்டஈட்டை மறக்காதீர்கள், கதையில் திரும்ப வரும். நாம் 1962ஐ இரண்டு நாட்டு யுத்தமாக, தேதிகளாகப் படித்தோம். ஒரு ஊரின் ஆடுகளுக்கு வேலை போன வருஷமாக யாரும் நமக்குச் சொல்லவில்லை.

வியாபாரம் போன இடத்தில் காடு மட்டும் மிச்சம். விறகு, தீவனம், மூலிகை, வீட்டுக்கு மரம் எல்லாம் காடுதான். போட்ட புது ரோடோ காட்டையும் கீழே இழுத்துக்கொண்டு போக வழி செய்தது. காண்டிராக்டர்கள் வந்தார்கள். சரிவுகள் மொட்டையாயின. 1970 ஜூலையில் அலக்நந்தாவில் பெருவெள்ளம். பாலங்கள், வீடுகள், ரோட்டில் நின்ற பஸ்கள் வரைக்கும் அடித்துக்கொண்டு போனது. மலையில் இருந்து வந்த வண்டல் ஹரித்வார் பக்கம் கங்கைக் கால்வாயை அடைத்தது. நிவாரண வேலைக்குப் போன கோபேஷ்வர் இளைஞர்கள், எங்கே மரம் வெட்டினார்களோ அங்கேதான் மலை அதிகம் சரிந்திருக்கிறது என்று கவனித்துச் சொன்னார்கள். இவர்கள் 1964ல் சண்டி பிரசாத் பட் தொடங்கிய சர்வோதய சங்கத்துக்காரர்கள்.

1973ல் அந்தச் சங்கம் கலப்பை, நுகத்தடி செய்வதற்குக் கொஞ்சம் மரம் கேட்டது. அந்த மரத்துக்கு அங்கே வழங்கும் பெயர் "அங்கு". (சிரிக்காதீர்கள், நிஜமாகவே அங்கு என்பதுதான் பெயர்.) லேசான, உறுதியான மரம். வனத்துறை தர முடியாது என்றது. அதே மரங்களை அலகாபாத்தில் விளையாட்டுச் சாமான் செய்யும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. ஏருக்குக் கிடையாது, டென்னிஸ் மட்டைக்கு உண்டு! அந்தக் கோபத்தில்தான், வெட்ட வந்தால் மரத்தைக் கட்டிப்பிடிப்போம் என்ற யோசனையைப் பட் சொன்னார். 1973 ஏப்ரலில் மண்டல் என்ற ஊரில் கூட்டம் திரண்டதும் கம்பெனி ஆட்கள் திரும்பிப் போனார்கள். சிப்கோ பிறந்தது அங்கே. நம் புத்தகத்துப் பகுகுணா பக்கத்து டெஹ்ரி மாவட்டத்துக்காரர். மிகப் பெரிய மனிதர், காஷ்மீரில் இருந்து கோஹிமா வரைக்கும் இமயமலை நெடுக நடந்தவர், இந்தச் செய்தியை உலகத்துக்கே கொண்டுபோனவர். அவர்மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் ரேணியில் அன்று அவர் இல்லை. பட்டும் இல்லை.

அன்று என்றால் 1974 மார்ச் 26.

அந்த வருஷ ஆரம்பத்தில் ரேணிக் காட்டில் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் போயின. ஏலம் நடந்தது டேராடூனில். சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டார்கள். வெட்ட வந்தால் விடமாட்டோம் என்று ரேணி, லாதா, சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது ஒரு அறிவிப்பு வந்தது. 1962க்குப் பிறகு எடுத்த நிலத்துக்கு நஷ்டஈடு பட்டுவாடா, மார்ச் 26ந்தேதி சமோலிக்கு வந்து வாங்கிக்கொள்ளவும். சமோலி ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்த காசு. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கிளம்பிப் போனார்கள். அதே நேரத்தில் பட்டைப் பார்த்துப் பேச வேண்டும் என்று வனத்துறைப் பெரிய அதிகாரி கோபேஷ்வர் வந்தார். அவரும் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

ஆண்கள் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்டாயே அம்மா, அவர்கள் பறிபோன நிலத்துக்குக் காசு வாங்கப் போயிருந்தார்கள். அந்த நாளில்தான் காடும் பறிபோக இருந்தது. ஒன்றும் பெரிய வேலைக்குப் போய்விடவில்லை, கூப்பிட்டார்கள், போனார்கள். இது முன்கூட்டியே திட்டம்போட்டுச் செய்ததுதான் என்று ஊர்க்காரர்களும் இயக்கத்தைப் பற்றி எழுதியவர்களும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இத்தனை வருஷம் தராத காசுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

வெட்டுக் கூலிகளும் வனத்துறை ஆட்களும் ஏறிய பஸ், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜோஷிமட்டில் இருந்து கிளம்பியது. ரேணிக்குச் சற்று முன்னாலேயே இறங்கி, ஊருக்குள் வராமல் ஆற்றோரமாகக் காட்டுக்கு நடந்தார்கள். ஒரு சின்னப் பெண் பார்த்துவிட்டாள். ஓடிப்போய் கௌரா தேவியிடம் சொன்னாள்.

கௌரா தேவிக்கு அப்போது ஐம்பது வயது நெருக்கம். 1925ல் பக்கத்து லாதாவில் பிறந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பன்னிரண்டு வயதில் கல்யாணமாகி ரேணிக்கு வந்தார். இருபத்திரண்டு வயதில், கையில் இரண்டரை வயதுப் பையனோடு, கணவரை இழந்தார். குடும்பத்தின் கம்பளி வியாபாரத்தைத் தானே பார்த்துக்கொண்டு பையனை ஆளாக்கினார். 1962ல் அந்த வியாபாரமும் போனது. ஊர் மகளிர் மன்றத்துக்கு அவர்தான் தலைவி. நம் பாடத்தில் "பெண்கள்" என்று ஒரே சொல்லில் போனவர்களில் ஒருவர் இவர்.

அடுப்பில் வைத்தது வைத்தபடி இருக்க, சிறுமிகளையும் சேர்த்து 27 பேர் அவர் பின்னால் போனார்கள். காட்டில் கூலிகள் சமையலுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு இவர் சண்டைக்குப் போகவில்லை. தம்பிகளே, இந்தக் காடு எங்கள் தாய்வீடு, வெட்டினால் மலை சரிந்து எங்கள் வீடும் வயலும் போகும், சாப்பிட்டுவிட்டு எங்களோடு கீழே வாருங்கள், ஆம்பளைகள் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறார். மாய்கா என்பது அவர் சொன்ன வார்த்தை. பெண்ணுக்குப் பிறந்த வீடு. இதை நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கஷ்டம் என்றால் ஒரு படி அரிசிக்கு, ஒரு கட்டு விறகுக்குக் கூச்சமில்லாமல் போய் நிற்க முடிகிற இடம். "சுற்றுச்சூழல்" என்ற சொல்லை நான் பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! அந்தப் பெண்மணி சொன்ன சொல்லில் இருந்த பாரம் அதில் இல்லை.

காண்டிராக்டர் ஆட்களில் சிலர் குடித்திருந்தார்கள். ஒருவன் துப்பாக்கியை எடுத்து நீட்டினான். கௌரா தேவி மாராப்பை விலக்கி நெஞ்சைக் காட்டி, சுடு, என்னைச் சுட்டுவிட்டு அப்புறம் தாய்வீட்டை வெட்டிக்கொள் என்று நின்றார். அவன் சுடவில்லை. கூலிகள் மெல்ல மெல்ல இறங்கினார்கள். அவர்கள் போனதும் இந்தப் பெண்கள் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வழியில் மண் சரிந்த ஓர் இடத்தில் பாதையைச் சேர்த்துக்கொண்டிருந்த சிமெண்டுப் பலகையைப் பெயர்த்துத் தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்தால்தானே! அன்று ராத்திரி பூராவும் காட்டுப் பாதையில் காவல் இருந்தார்கள். மறுநாள்தான் ஆண்கள் வந்தார்கள்.

கவனியுங்கள், அன்று நடந்ததில் வழிமறித்ததுதான் முக்கியம். கட்டிப்பிடித்தது இல்லை. நாம்தான் படம் போட்டுக் கட்டிப்பிடிக்க வைத்துவிட்டோம். கட்டிப்பிடிப்பதில் அன்பு தெரிகிறது. பாலத்தைப் பெயர்த்ததில் கோபம் தெரியும். பாடப்புத்தகத்துக்கு அன்பு போதும் போலிருக்கிறது.

அரசாங்கம் விஞ்ஞானிகளை வைத்து ஒரு குழு போட்டது. ஊர்ப் பெண்கள் சொன்னது சரி என்றுதான் குழுவும் சொன்னது. அலக்நந்தாவின் மேல்பகுதியில் பத்து வருஷத்துக்கு மரம் வெட்டத் தடை வந்தது. பிறகு இந்திரா காந்தி காலத்தில், அந்த மலைப்பகுதியில் 1,000 மீட்டருக்கு மேலே பதினைந்து வருஷத் தடை. நான் நடத்திய பாடம் இங்கே வெற்றி என்று முடிந்துவிடும். மணியும் அடித்துவிடும்.

ஊர் என்ன ஆனது?

1982ல் நந்தாதேவி தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 1988ல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரேணிக்காரர்களும் லாதாக்காரர்களும் ஆடு மேய்த்த புல்வெளி பூங்காவுக்குள் போயிற்று. மூலிகை எடுக்கக் கூடாது. எழுபதுகளில் மலையேற வந்த வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுமை தூக்கியும் வழி காட்டியும் நாலு காசு பார்த்தார்கள், அந்த வழியும் மூடியது. மரத்தை வெட்ட வந்தவனை விரட்டிய ஜனங்களுக்கே காட்டுக்குள் அனுமதி இல்லை. 1998ல் லாதா பக்கத்து ஜனங்கள் தடையை மீறி உள்ளே நடந்தார்கள். "ஜப்டோ சீனோ" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பாய்ந்து பிடுங்கு என்று அர்த்தம். ஒட்டிக்கொள் என்றவர்கள் கால் நூற்றாண்டில் பிடுங்கு என்று சொல்ல வேண்டி வந்தது. இந்த வார்த்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் வந்து நான் பார்க்கவில்லை. கௌரா தேவி அதற்கு முன்பே, 1991 ஜூலையில், காலமாகிவிட்டார்.

அப்புறம் வந்தது மின்சாரம். ரேணிக்குக் கீழேயே ரிஷிகங்கையில் 13.2 மெகாவாட் நீர்மின் திட்டம். வேட்டு வைக்கிறார்கள், பாறைக் கழிவை ஆற்றில் கொட்டுகிறார்கள், மலை அதிர்கிறது என்று 2019ல் ஊரில் இருந்து உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள்.

2021 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். மேலே ரோந்தி சிகரத்தில் இருந்து பாறையும் பனியுமாக ஒரு மலைத்துண்டு பெயர்ந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் கீழே விழுந்தது. ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். விழுந்த வேகத்தில் பனி உருகி, சேறும் பாறையுமாக ரிஷிகங்கை வழியாக இறங்கியது. ரேணியின் மின்திட்டம் இருந்த சுவடு தெரியவில்லை. கீழே தபோவனில் கட்டிக்கொண்டிருந்த 520 மெகாவாட் திட்டத்தின் சுரங்கத்துக்குள் சேறு புகுந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 200 பேருக்கு மேல். பெரும்பாலும் எங்கிருந்தோ பிழைக்க வந்த தொழிலாளிகள். டிவியில் அந்தச் சுரங்க வாயைத் திரும்பத் திரும்பக் காட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே காப்பி குடித்தேன். இதுதான் நான் நடத்திய ஊர் என்று தெரியாமல்.

(இடையில் ஒன்று. 1965ல் சீனாவை உளவு பார்க்க அமெரிக்க, இந்திய உளவுத்துறைகள் சேர்ந்து நந்தாதேவி மேல் ஓர் அணுசக்திக் கருவியைக் கொண்டுபோய் வைக்கப் போனார்கள். புயலில் மலைமேலேயே கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். மறுவருஷம் போய்ப் பார்த்தால் காணோம். கதை இல்லை, நிஜம். 2021 வெள்ளம் வந்ததும் ரேணியில் சிலர் அதுதான் வெடித்துவிட்டது என்றார்கள். விஞ்ஞானிகள் இல்லை என்கிறார்கள். ஆனால் அப்படி நினைத்தவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊருக்குத் தெரியாமல் அந்த ஊர் மலையில் எத்தனை காரியம் நடந்திருக்கிறது!)

ஆற்றின் மேல் இருந்த பாலம் போனது. மேலே பதின்மூன்று ஊர்கள் துண்டிக்கப்பட்டன. ராணுவ ரோடுக்காரர்கள் ஒரு மாதத்துக்குள் பெய்லி பாலம் போட்டுவிட்டார்கள், அதைப் பாராட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் ஆறு ஊரின் அடிமண்ணை அரித்திருந்தது. ஜூன் மழையில் இன்னும் சரிந்தது. வீடுகளில் விரிசல். ஊர் குடியிருக்க லாயக்கில்லை, வேறிடம் மாற்ற வேண்டும் என்று நிலவியல் வல்லுநர்கள் சொன்னார்கள். ஜூலையில், இந்த மின்திட்டங்களை ரத்து செய்யக் கேட்ட ஐந்து பேரின் மனுவை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதில் மூன்று பேர் ரேணிக்காரர்கள். மனு உள்நோக்கம் கொண்டது என்று சொல்லி, ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டச் சொன்னது.

அதற்கு முந்தைய மாதம் நடந்தது ஒன்று. ரேணியில் கௌரா தேவிக்கு ஒரு நினைவிடமும் சிலையும் இருந்தது. நிலம் சரிந்துகொண்டே வந்ததால் அதிகாரிகள் சிலையைப் பெயர்த்தெடுத்துப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போனார்கள். ஊர்ப் பெண்கள் அழுதிருக்கிறார்கள். பொண்ணு வீட்டைவிட்டுப் போவது மாதிரி இருந்திருக்கும். கொண்டுபோன இடம் எது தெரியுமா? ஜோஷிமட். 2023 ஜனவரியில் 800க்கும் மேற்பட்ட கட்டடங்கள் வெடித்த அதே ஜோஷிமட். அந்த நகரமே பழைய நிலச்சரிவு மண்மேல் உட்கார்ந்திருக்கிறது, பெரிய கட்டடம் கட்டாதீர்கள் என்று 1976லேயே ஒரு அரசாங்கக் குழு எழுதி வைத்திருந்ததாம்.

நான் அந்த நகரத்தில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தேன். சிலை அங்கே எங்கேயோ இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் யாராவது காட்டியிருப்பார்கள். கேட்கத் தெரியவில்லை. கேட்கத் தெரிந்தவளை நான் உட்காரச் சொன்னவள்தானே.

பிள்ளைகளே, உங்களில் பலர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். சின்ன மதினி மகளும் இந்த வருஷம் ஏழாம் வகுப்பு எடுக்கிறாளாம். அவளுக்குப் போன வாரம் இதையெல்லாம் போனில் சொன்னேன். "பெரியம்மா, போர்ஷன் முடிக்கணும், ஒரு பத்திக்கு ஒரு பீரியட் போனா எப்பிடி?" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். நானும் அப்படித்தான் ஓடினேன். குறைந்தபட்சம் ரேணி என்ற பெயரையும், சமோலிக்குப் போன ஆண்களையும் மட்டும் சொல்லிவிடு, இரண்டு நிமிஷம்தான் ஆகும் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றிருக்கிறாள்.

இன்னொரு உதவி. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டாள். கல்யாணமாகித் திருப்பூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி. பெயரை இங்கே போடவில்லை, போட்டால் கூச்சப்படுவாள். அந்த செட்டில் படித்தவர்களுக்கு யார் என்று தெரிந்திருக்கும், நீங்கள் எல்லாம் சேர்ந்துதானே சிரித்தீர்கள். அவள் நம்பர் யாரிடமாவது இருந்தால் இந்தப் பதிவை அனுப்பி வையுங்கள். டீச்சர் பதில் சொல்ல நேரமாகிவிட்டது என்று சொல்லுங்கள். அவள் அம்மா எப்படி இருக்கிறார் என்றும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.